மூன்றாவது கைப்பிடி

போன மாதம் நம் கதவு வேலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் ஒன்று போட்டிருந்தார். பால்கனிக் கதவின் கைப்பிடி கழுத்தோடு முறிந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி: ‘அதே வீடு, ரெண்டாவது வாட்டி. புடிச்சுத் தொங்குவாங்க போல!’ நீங்கள் பலரும் சிரித்து வைத்திருந்தீர்கள். நானும் சிரிக்கத்தான் போனேன், முடியவில்லை. அதே கேள்வியை நான் ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு, ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். அதனால் வந்த வினையைச் சொல்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. புதுச்சேரியில் முதலில் அலுமினியக் கதவு, பிறகு யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் கதவு ஜன்னல் என்று இருபத்தெட்டு வருடம் பழுது பார்த்தவன். முழங்கால் மக்கர் பண்ணவே போன வருடம் பையை இறக்கி வைத்தேன். வேலை சுத்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், வாய் அதிகம் என்றும் பெயர் வாங்கியிருக்கிறேன். இரண்டுமே உண்மை. கடற்காற்றில் உப்பு ஏறி லாக் இறுகுவதையும், அதில் தேங்காய் எண்ணெய் விட்டு ஜனங்கள் இன்னும் கெடுப்பதையும் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை.

ரெட்டியார்பாளையத்தில் மெயின் ரோட்டைப் பார்த்த ஓர் அடுக்குமாடி. அதில் இரண்டாவது மாடியில் நசீமா என்ற பெண் குடியிருந்தார். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர். பிரான்சுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் அவரிடம்தான் பேசக் கற்றுக்கொண்டு போவார்கள். பஸ் ஹாரன் வகுப்புக்குள் வரக்கூடாது என்பதற்காகவே பால்கனிக்கு டபுள் கிளாஸ் கதவு போட்டிருந்தார். கதவை மூடினால் ரோடு ஊமையாகிவிடும். அதைச் சொல்லித்தானே நாமும் விற்கிறோம்.

அவருடைய அப்பா காதர் பாய், கட்டிங் மாஸ்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்போம். அந்தச் சொல்தா வீடுகளுக்கெல்லாம் கோட்டு வெட்டியவர் இவர். நாற்பது வருடம் மேசைக்கு முன்னால் நின்றே வேலை பார்த்த மனிதர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலும் இடது கையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பால்கனிக் கதவை ஒட்டி, அதைப் பார்த்தபடி அவருடைய மர நாற்காலி இருக்கும். பால்கனி மேற்குப் பக்கம். தொழுகையும் அங்கேயே, உட்கார்ந்தபடி. ஒரு முறை அவர் தொழுது முடிக்கும்வரை நான் பையோடு வாசலில் காத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் யோசிக்கவில்லை.

வீட்டு வேலைக்கு வள்ளி என்று ஒரு பெண். வில்லியனூர்ப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலையில் போவார். பாயைத் தூக்கி உட்கார வைப்பது நசீமாவும் வள்ளியும் சேர்ந்துதான்.

முதல் முறை கைப்பிடி உடைந்ததென்று கூப்பிட்டார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் முறிந்தது. பொருள் மட்டம் என்று திட்டிக்கொண்டே அதே மாதிரி இன்னொன்று போட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது எனக்கு மூக்கின் மேல் கோபம். முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“யாரும்மா இதப் புடிச்சுத் தொங்குறது?”

“யாரும் இல்லண்ணா,” என்றார் நசீமா. “பால்கனிக்கு நானும் வள்ளியும்தான் போறோம்.”

வள்ளி ஈரத்துணி வாளியோடு பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“வாளிய ஒரு கையில வெச்சுக்கிட்டு, மொத்த கனத்தையும் கைப்பிடி மேல போட்டா அது என்னம்மா பண்ணும்?”

“நான் அப்பிடிப் போடறதில்லண்ணா.”

“பின்ன தானா ஒடஞ்சுக்குதா?”

வள்ளி நசீமாவைப் பார்த்தார். நான் சொன்னதை நசீமா நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. வள்ளி வாளியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காதர் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. உடம்பு முடியாதவர், இந்தச் சச்சரவு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் போட்டது கெட்டி ஸ்டீல் கைப்பிடி. “இனிமே யானை தொங்கினாலும் ஒடையாது,” என்று பெருமையாகச் சொன்னேன். போகிற போக்கில் நசீமாவுக்கு ஒரு பாடமும் நடத்தினேன். கதவை மூடியதும் கைப்பிடியை மேலே தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் கம்பிகள் சட்டத்துக்குள் ஏறி, ரப்பர் இறுகி, சத்தமும் தூசும் வராது, ஒரு தடவை கூட மறக்காதீர்கள் என்று. அவர் டீச்சர் அல்லவா, சொன்னதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. கத்திரி வெயில். முதலியார்பேட்டையில் ஒரு வேலையை முடித்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. நசீமாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, கதவு தொறக்கல. அத்தா வெளிய மாட்டிக்கிட்டாங்க. கைப்பிடி சும்மா சுத்துது. கீழ விழுந்து கெடக்கறாங்கண்ணா.”

நடந்தது இதுதான். பன்னிரண்டு மணிக்குக் காற்று வாங்கட்டும் என்று பாயைப் பால்கனியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு மணிவரை அங்கே நிழல் இருக்கும். வகுப்புக்காக நசீமா கதவை மூடி, நான் சொன்னபடியே கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். வள்ளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஒரு மணிக்கு மேல் வெயில் பால்கனிக்குள் வந்துவிட்டது. பாய் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். நாம் போட்ட கதவு ஒரு சத்தத்தையும் உள்ளே விடவில்லை. வகுப்பு முடிந்து நசீமா வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

“எதையும் ஒடைக்காதீங்கம்மா. மொதல்ல நெழல் பண்ணுங்க. வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை அப்படியே விட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு இந்திரா காந்தி சிக்னலில் நின்ற இரண்டு நிமிடம்போல என் வாழ்க்கையில் எந்த இரண்டு நிமிடமும் நீளமாக இருந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைய ஆட்கள். பால்கனியைப் பார்த்தேன். மேலேயிருந்து ஒரு ஈரப் போர்வை திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றில் கட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று பாயின் மடியில் கிடந்தது. தரை முழுக்க ஈரம். வள்ளியின் வேலை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கூட்டத்தில் நின்று புலம்பாமல், மேல் மாடிக்கு ஓடி, அந்த வீட்டுப் பால்கனியிலிருந்து போர்வையை நனைத்து இறக்கி, பால்கனிக் கம்பி வழியாகக் கீழே தரையில் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். இல்லாவிட்டால் அந்த டைல்ஸ் சூட்டில் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பாய் தரையில் கிடந்தார். ஒரு தோள் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் முகம் வெந்து சிவந்திருந்தது.

எதிர் வீட்டுக்காரர் கையில் பெரிய சுத்தியலோடு தயாராக நின்றார். “நீ வருவேன்னுதான் இந்தப் பொண்ணு நிறுத்தி வெச்சிருக்கு. தள்ளு, ஒரே போடு.”

“இருங்க சார்.”

“என்னா இருங்க? பெரியவர் உசுரு போயிட்டா கண்ணாடிய வெச்சு என்னா பண்ணுவ?”

அந்த மாதிரி நேரத்தில் உங்களைச் சுற்றி நிற்கிற எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் சிக்கல். நல்லவர்கள் பத்துப் பேர் ஒரே குரலில் உடை என்று சொன்னால் நமக்கே சுத்தியலை வாங்கி அடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான், குனிந்து கண்ணாடியின் மூலையைப் பார்த்தேன். உள்கண்ணாடியின் மூலையில், பதமேற்றிய கண்ணாடி என்பதற்கான முத்திரை இருந்தது. அது உடைந்தால் சர்க்கரைக் கட்டிபோல உதிர்ந்துவிடும். வெளிக்கண்ணாடியில் முத்திரை இல்லை. சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் விழும். பாயின் கழுத்து அதிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது.

“ஒடைச்சா அவர் மேலதான் சார் விழும். முழுசா கழட்டறேன்.”

“எவ்ளோ நேரம்ணா?” என்றார் நசீமா.

“பத்து நிமிஷம்.”

பத்து நிமிடத்தில் நான் அந்த வேலையைச் செய்ததே இல்லை. சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற பீடிங் அந்தக் கதவில் வீட்டுக்குள் பக்கம் இருந்தது நம் அதிர்ஷ்டம். நீளமான பீடிங்கின் நடுவில் பட்டி பிளேடை விட்டு நெம்ப ஆரம்பித்தேன். இரண்டு தடவை பிளேடு வழுக்கிச் சட்டத்தைக் கீறியது. பின்னால் யாரோ கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வாயை மூடச் சொன்னேன், கொஞ்சம் மரியாதை இல்லாமலேயே.

முதல் பீடிங் கழன்று வந்தபோது பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். நல்ல கையை மெல்லத் தூக்கினார். வெளிப்பக்கத்துக் கைப்பிடியைக் காட்டினார். பிறகு காற்றில் எதையோ பிடித்துக் கீழே இழுப்பதுபோல, உடம்பை உந்தி எழுவதுபோலச் செய்து காட்டினார். அப்புறம் அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பிளேடு கையிலேயே நின்றுவிட்டது. மூன்று கைப்பிடியையும் உடைத்தது அவர்தான். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க, அவருக்குக் கைக்கு எட்டிய ஒரே பிடிமானம் அதுதான். முதலில் இருந்த மட்டமான கைப்பிடிகள் கனம் தாங்காமல் தாங்களே முறிந்து, பூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. நான் யானைக்கும் உடையாத கைப்பிடியைப் போட்டேன். கைப்பிடி உடையவில்லை, இத்தனை நாளும் கனம் முழுக்க உள்ளே இறங்கி, கம்பிகளை ஏற்றி இறக்குகிற கியர்பாக்ஸ் உடைந்தது. அதுவும் நான் சொல்லிக்கொடுத்தபடி கம்பிகள் எல்லாம் ஏறி நின்ற நேரத்தில். அந்த மனிதரை வெயிலில் வைத்துப் பூட்டியது என் கைதான்.

நசீமாவும் அந்தச் சைகையைப் பார்த்துவிட்டார். வாயில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் அழ நேரமில்லை.

நான்கு பீடிங்கும் வந்துவிட்டன. ஆனால் பாயின் தோள் சாய்ந்திருக்கும்வரை கண்ணாடியை எடுக்க முடியாது, எடுத்தால் அவரும் கூடவே சாய்வார். நகருங்கள் என்று கை காட்டினேன். அவர் பால்கனிக் கம்பியை நல்ல கையால் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தரையில் தேய்ந்து தேய்ந்து ஒரு சாண் நகர்ந்தார். நின்றார். மூச்சு வாங்கினார். மறுபடி ஒரு சாண். சுத்தியல்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். “நான் ஒரு பக்கம் புடிக்கறேன்பா, சொல்லு.” உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கப்பை ஒட்டி, நானும் அவரும் கண்ணாடியை முழுசாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். அதுவரை ஊமையாக இருந்த ரோடு ஒரேயடியாகக் கூடத்துக்குள் வந்தது. அந்த ஹாரன் சத்தம் அன்றைக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து அவரை உள்ளே தூக்கி வந்து மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தோம். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கதையே வேறு, இப்போது பயமில்லை என்றார். பாய் தண்ணீர் குடித்தார். முதல் வார்த்தையே வள்ளியைப் பற்றித்தான்.

“அந்தப் பொண்ணு மேல பழி போட்டீங்க. நான் வாயத் தொறக்கல. பாவம் பண்ணிட்டேன்.”

“ஏன் அத்தா எங்கிட்ட சொல்லல? எந்திரிக்கணும்னா கேட்டிருக்கலாம்ல?” நசீமாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கேட்டா நீ என்னா சொல்லுவ? விழுந்துடுவீங்க, உக்காருங்கன்னு சொல்லுவ. நாப்பது வருஷம் நின்ன காலும்மா இது. பெருநாளுக்காவது நின்னு தொழணும்னு நெனச்சேன். அதுக்குள்ள பழகிக்கலாம்னு பாத்தேன். போன வாரம் பத்து எண்ற வரைக்கும் நின்னேன், தெரியுமா?”

அந்த நிலைமையிலும் அந்தப் பத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நசீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் மேல் மாடிக்கு ஏறினேன். வள்ளி போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. “தப்பு என்னோடதுதாம்மா. விசாரிக்காம பேசிட்டேன். மன்னிச்சுக்கோ,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கைப்பிடிய நான் ரெண்டு விரலால தாண்ணா தொடுவேன். ஒடஞ்சா எங்க தலையிலதான் விடியும்னு தெரியாதா எங்களுக்கு?” என்றார். பிறகு, “பெரியவரு தண்ணி குடிச்சாரா?” என்று கேட்டார். குடித்தார் என்றதும் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே வந்தபோது நசீமா படியில் எங்களுக்காகவே நின்றிருந்தார். வள்ளியைக் கட்டிக்கொண்டு அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, அது அவர்களுக்குள் பேச வேண்டியது.

மறுநாள் போய் கியர்பாக்ஸை மாற்றிக் கண்ணாடியைத் திரும்ப ஏற்றினேன். ஸ்டீல் கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரிக் கைப்பிடியையே போட்டேன். பாய்க்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிறவரைக் கேட்டு, கதவுக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி வைப்பது என்று முடிவாயிற்று. யுபிவிசி சட்டம் உள்ளே வெறும் கூடு, அதில் ஆளின் கனத்தை மாட்டக்கூடாது. சுவரில்தான் ஓட்டை போட்டேன். உயரம் எவ்வளவு என்று நான் டேப்பை இழுத்ததும் பாய் என்னைத் தடுத்தார்.

“தம்பி, அளவு எடுக்கறது என் வேல. நீ ஓட்ட போடு.”

மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடைய பழைய தையல் டேப்பை வள்ளியிடம் எடுத்து வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் நல்ல கையை நீட்டிச் சொல்லச் சொல்ல, வள்ளி தரையிலிருந்து டேப்பைப் பிடித்தார். பென்சிலால் அவரே சுவரில் கோடு போட்டார். நான் நினைத்திருந்த உயரத்துக்கும் அவர் போட்ட கோட்டுக்கும் மூன்று விரல் வித்தியாசம். அவர் சொன்னதே சரி என்று பயிற்சிக்காரரும் பிறகு சொன்னார். பழுது பார்க்கிறவன் கதவைத்தான் அளப்பான், அந்தக் கதவை யார் தொடுகிறார்கள் என்று அளக்க மாட்டான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் உடைந்த கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால், இந்த அறையில் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்பேன். ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அதற்கடுத்த நோன்புப் பெருநாளன்று காலையில் நசீமா போன் செய்து மதியம் பிரியாணிக்கு வரச் சொன்னார். போனேன். மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடிக்கலாமா என்று கையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு ஊன்றுகோல் தரையில் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. இந்த இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஒரு கதவு திறக்க அப்படிக் காத்திருந்ததில்லை.

கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. கதவு திறந்தது. புது வெள்ளைச் சட்டையில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இரண்டு அடி தள்ளி நசீமாவும் வள்ளியும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், பிடிக்கப் போகக்கூடாது என்று அவர் உத்தரவு போல.

“நின்னு தொழுதுட்டு வந்தேன் தம்பி,” என்றார். பிறகு கைப்பிடியிலிருந்து தன் கையை எடுத்து, ஐந்து விரலையும் விரித்து எனக்குக் காட்டினார். “பாத்துக்கோ. தொங்கல.”